வளர்ச்சி ஹோர்மோன் ஊசி: 6 மாதமா வளர்ச்சி மந்தம். பிழை பிரிட்ஜிலையோ, பென்னிலையோ, குத்துறதிலையோ?

கோண்டாவில்_அம்மா:

வணக்கம். மகளுக்கு 7 வயது, நிறை 18 கிலோ. வளர்ச்சி ஹோர்மோன் குறைபாடு எண்டு பரிசோதனையிலை உறுதியாகி ஒரு வருசமா சோமற்றோபின் ஊசி போடுறம். ஒவ்வொரு நாளும் இரவு 0.6 மி.கி. பாவிக்கிறது 10 மி.கி./1.5 மி.லீ. திரவப் பென் (பேனை மாதிரி ஊசிக் கருவி). முதல் 6 மாதத்திலை 5 செ.மீ. உயர்ந்தவள், அடுத்த 6 மாதத்திலை 2 செ.மீ. தான். டோஸைக் கூட்ட முதல் "மருந்து வைக்கிறதும் போடுறதும் சரியோ எண்டு வீட்டிலை ஒருக்கா வடிவாப் பாருங்கோ" எண்டு கிளினிக்கிலை சொல்லி விட்டவை. அடுத்த தவணை வாற மாதம்.

இப்ப வீட்டு நடைமுறை இதுதான். பென் பிரிட்ஜ் கதவுத் தட்டிலை நிக்கும். ஊசிமுனை விலை எண்டபடியா ஒண்டை நாலஞ்சு நாளுக்குப் பாவிக்கிறது, அது பென்னிலையே பூட்டினபடி இருக்கும். குத்துறது வலது தொடையிலை மட்டும். வேறை இடம் எண்டால் பிள்ளை விடமாட்டாள். அந்த இடம் இப்ப கொஞ்சம் தடிச்சுப் போயிருக்கு. ஊசியை எடுத்தாப் பிறகு சில நாள் தோலிலை ஈரம் தெரியும். பென் முடியேக்கை 0.4 மி.கி. மிஞ்சும், அதை எறியிறம். கனடாவிலை இருந்து தம்பி ஆவணியிலை வாறான், அங்கத்தைய மருந்து கொண்டு வரட்டோ எண்டு கேக்கிறான்.

இதிலை எது பிரச்சினை, எது பரவாயில்லை எண்டு தெரிஞ்சவை சொல்லுங்கோ.

பாமசி_வடமராட்சி:

நீங்கள் எழுதியதில் நான்கு விடயங்கள் மருந்தின் அளவைக் குறைக்கக் கூடியவை. டோஸைக் கூட்டுவதற்கு முதல் அவற்றைத் திருத்த வேண்டும்.

முதலில் அளவைப் பாருங்கள். 10 மி.கி. 1.5 மி.லீ.யில் இருக்கிறது. அப்படியென்றால் 0.6 மி.கி. என்பது வெறும் 0.09 மி.லீ. ஊசிமுனையில் தொங்கும் சின்னத் துளி 0.01 மி.லீ. என்று வைத்தால் கூட, அன்றைய மருந்தில் 9-ல் 1 பங்கு அதிலேயே போய்விடும். தோலில் ஈரம் தெரிகிற நாட்களில் பிள்ளைக்கு முழு டோஸ் கிடைக்கவில்லை. இதைச் சின்ன விடயம் என்று நினைக்க வேண்டாம்.

அந்த ஈரத்துக்கும் ஊசிமுனையைப் பூட்டியபடி வைப்பதற்கும் நேரடித் தொடர்பு இருக்கிறது. முனை பூட்டியிருந்தால் கார்ட்ரிஜ் (பென்னுக்குள் மருந்து இருக்கும் குப்பி) திறந்த குழாய் மாதிரி. பிரிட்ஜில் இருந்து வெளியே எடுக்க மருந்து சூடாகி விரிந்து வெளியே கசியும். திரும்ப உள்ளே வைக்கச் சுருங்கிக் காற்றை இழுக்கும். அப்படிப் போன காற்று அடுத்த நாள் பொத்தானை அமத்தும்போது அமுங்கிக் கொடுக்கும், பிறகு மெல்ல மெல்ல விரியும். நீங்கள் ஊசியை இழுத்து எடுத்த பிறகும் மருந்து முனையால் வந்துகொண்டிருக்கும். தோலிலே தெரிகிற ஈரம் பெரும்பாலும் அதுதான். முனைக்குள் மருந்து காய்ந்து அடைபட்டால் டயல் (அளவைத் தெரிவு செய்யும் திருகி) பூச்சியத்துக்கு வந்தாலும் மருந்து முழுக்கப் போகாது. கிருமி உள்ளே போகும் வழியும் அதுவே. ஆகவே ஒவ்வொரு இரவும் புது முனை, போட்டு முடிந்தவுடன் கழற்றல். செலவு உண்மைதான். ஆனால் ஒரு பென்னின் விலையோடு பார்த்தால் முனையில் மிச்சம் பிடிப்பது நட்டக் கணக்கு.

அடுத்தது பிரிட்ஜ். இந்த மருந்து ஒரு புரதம். 2 முதல் 8 பாகை செல்சியசில் இருக்க வேண்டும். கதவுத் தட்டு ஒவ்வொரு முறை திறக்கும்போதும் சூடாகும், எங்கட ஊர் வெக்கையில் இன்னும் மோசம். அதற்காக உள்ளே ஐஸ் பெட்டிக்குக் கீழேயோ பின்சுவரோடு ஒட்டியோ வைக்கக் கூடாது. அங்கே உறைந்து போகும். சூட்டால் மருந்து மெல்ல மெல்லப் பலம் குறையும், உறைதல் ஒரே இரவில் கெடுத்துவிடும். உறைந்து இளகிய மருந்து பார்வைக்குத் தெளிவாகவே இருக்கலாம், அதனால் "கலங்கவில்லைத்தானே" என்று பாவிக்கக் கூடாது. நடுத்தட்டில், அதன் பெட்டிக்குள், மூடியுள்ள ஒரு சாப்பாட்டுப் பெட்டியில் போட்டு, பின்சுவரில் இருந்து நாலு விரல் தள்ளி வையுங்கள். வெளிச்சமும் ஆகாது, பெட்டியை விட்டு எடுக்க வேண்டாம். ஒரு சின்ன வெப்பமானியைத் தண்ணீர்க் கிளாசுக்குள் வைத்துப் பக்கத்தில் வையுங்கள். காற்றின் வெப்பநிலை கதவு திறக்கத் திறக்க ஆடும், தண்ணீரின் வெப்பநிலைதான் மருந்தின் நிலைமைக்குக் கிட்டவானது. காலையிலும் பின்னேரமும் ஒரு கிழமைக்குக் குறித்துப் பார்த்தால் உங்கள் பிரிட்ஜின் குணம் விளங்கும்.

சில பென்களின் தாளில் "திறந்த பிறகு 25 பாகைக்குக் கீழே 3 கிழமை வைக்கலாம்" என்று இருக்கும். குளிரூட்டி இல்லாத யாழ்ப்பாண வீட்டில் அந்த வரியை மறந்துவிடுங்கள். பங்குனி, சித்திரையில் அறைக்குள் இரவிலேயே 28, 29 நிற்கும்.

மிஞ்சும் 0.4 பற்றி: உங்கள் கணக்குச் சரி. 10-ஐ 0.6-ஆல் பிரித்தால் 16 முழு டோஸ், மிச்சம் 0.4. இதை எறியத் தேவையில்லை. பழைய பென்னில் 0.4, புதுப் பென்னில் 0.2 என்று அந்த ஓர் இரவு மட்டும் இரண்டு குத்தாகப் போடலாம். பிள்ளைக்கு இரண்டு குத்து முடியாதென்றால் எறிவதைத் தவிர வழியில்லை. எப்படியும் திறந்து 4 கிழமை தாண்டிய பென்னை, மருந்து இருந்தாலும் பாவிக்க வேண்டாம். திறந்த திகதியைப் பென்னில் பிளாஸ்டர் ஒட்டி எழுதுங்கள். 15 மி.கி. பென் கிடைத்தால் 0.6-க்கு 25 நாள் கணக்காக வரும், 4 கிழமைக்குள் முடியும், ஒத்திகைத் துளிக்கு (போட முதல் காற்றை வெளியேற்ற விடும் துளி) போவதைக் கழித்தால் 24. மாற்றுவதென்றால் கிளினிக்கில் கேட்டு, புதிய சிட்டையோடு மாற்றுங்கள், வீட்டில் தீர்மானிக்க வேண்டாம். 10-உம் 15-உம் செறிவு வேறு.

இன்னொன்று. ஒவ்வொரு பென்னும் எத்தனை நாள் ஓடியது என்று கலண்டரில் குறியுங்கள். 16 நாள் ஓட வேண்டிய பென் 14-இல் முடிந்தால் கசிவு, அல்லது ஒவ்வொரு நாளும் துளி விட்டு வீணாக்குகிறீர்கள். 19 நாள் ஓடினால் இடையில் ஊசி தவறியிருக்கிறது, அல்லது டயல் முழுக்க அமத்துப்படவில்லை. கிளினிக்குக்கு இந்தக் கலண்டரைக் கொண்டு போனால் வாயால் சொல்வதை விடப் பிரயோசனம்.

தாதி_சுன்னாகம்:

பாமசிக்காரர் பென்னைச் சொல்லிப்போட்டார். நான் குத்துறதைச் சொல்லுறன்.

ஒரே தொடையிலை ஒரு வருசம் எண்டால் தோலுக்குக் கீழை கொழுப்பு தடிக்கும், சிலருக்கு எதிர்மாறா உருகிக் குழியாகும். ரெண்டிலும் மருந்து ஒழுங்கா உறிஞ்சுப்படாது. பிள்ளைக்கு அந்த இடத்திலை நோ குறைவு, அதாலை அங்கையே குத்தச் சொல்லுவாள். நோ குறையிறதே அந்த இடம் பழுதாப் போனதுக்கு அடையாளம். அந்தத் தடிப்பு முழுக்க மெத்துமெத்தெண்டு வழமைக்கு வரும் வரைக்கும் அதிலை ஒண்டும் வேண்டாம், ரெண்டு மூண்டு மாதம் பிடிக்கலாம். தவணைக்குப் போகேக்கை அதைத் தொட்டுப் பாக்கச் சொல்லுங்கோ.

இடங்கள்: ரெண்டு தொடையின்ர முன்-வெளிப்பக்கம், முழங்காலுக்கும் இடுப்புக்கும் நடுவிலை உள்ள பங்கு. வயிறு, ஆனா தொப்புளைச் சுத்தி 5 செ.மீ. விட்டு. பிட்டத்தின்ர மேல்-வெளி மூலை. மேற்கையின்ர பின்பக்கம், அது இன்னொருவர் போட்டால் மட்டும் வசதி. ஒரு கிழமைக்கு வலது தொடை, அடுத்த கிழமை இடது எண்டு போகலாம். ஆனா ஒரே பக்கத்துக்குள்ளையும் நேத்துக் குத்தின இடத்திலை இருந்து ரெண்டு விரல் தள்ளி இண்டைக்கு. பயமுள்ள பிள்ளைக்கு "எந்தப் பக்கம்?" எண்டு கேக்காதேங்கோ, "இடது தொடையோ வயிறோ?" எண்டு ரெண்டிலை ஒண்டைத் தெரிவு செய்ய விடுங்கோ.

மெலிஞ்ச பிள்ளை, 18 கிலோ. 4 அல்லது 5 மி.மீ. முனை போதும், 8 தேவையில்லை. 8 மி.மீ.யை நேரே குத்தினால் சதைக்குள்ளை போகலாம், கூடுதலா நோகும். பெருவிரலாலும் சுட்டுவிரலாலும் தோலை மெல்லமாத் தூக்கிப் பிடிச்சு, செங்குத்தா உள்ளை விடுங்கோ. பொத்தானை முழுக்க அமத்தி டயல் பூச்சியத்துக்கு வந்தாப் பிறகும் கையை எடுக்கக் கூடாது. ஒவ்வொரு பென்னின்ர தாளிலையும் எத்தினை எண்ண வேணும் எண்டு இருக்கும், 10 வரைக்கும் ஆறுதலா எண்ணினால் எதுக்கும் போதும். அதுக்குப் பிறகுதான் ஊசியை நேரே இழுக்கிறது. பிறகு தேய்க்காதேங்கோ, பஞ்சை வைச்சு அமத்தினால் போதும்.

பிரிட்ஜாலை எடுத்த கையோடை குளிரக் குளிரப் போட்டால் கடுக்கும். 10, 15 நிமிசம் மேசையிலை வைச்சுட்டுப் போடுங்கோ. வெயிலிலையோ சுடுதண்ணியிலையோ சூடாக்க வேண்டாம். ஸ்பிரிட் பூசினால் காயுற வரைக்கும் பொறுங்கோ, ஈரத்தோடை குத்தினால் அதுவே எரியும். சவுக்காரம் போட்டுக் கழுவின தோலுக்கு ஸ்பிரிட் இல்லாட்டியும் பரவாயில்லை. உங்கட கை கழுவுறதுதான் முக்கியம்.

புதுப் பென்னை முதல் தரம் பூட்டேக்கை முனையை மேல் நோக்கிப் பிடிச்சு, விரலாலை தட்டி, காத்தை மேலை வர விட்டு, ஆகச் சின்ன அளவை டயல் பண்ணி அமத்துங்கோ. நுனியிலை துளி தெரிய வேணும். தெரியாட்டித் திரும்ப. அஞ்சாறு தரம் செய்தும் வராட்டி முனையை மாத்துங்கோ. முனை மாத்தியும் வராட்டி அந்தப் பென்னை விட்டுட்டு வாங்கின இடத்திலை காட்டுங்கோ. சில வகைக்கு ஒவ்வொரு நாளும் இந்தத் துளி பாக்கச் சொல்லும், சிலதுக்குப் புதுப் பென்னுக்கு மட்டும். உங்கட தாளிலை இருக்கிறதைச் செய்யுங்கோ. குலுக்கக் கூடாது. தூளைக் கரைக்கிற வகையா இருந்தாலும் மெல்ல உருட்டுறதுதான், நுரை வந்தாப் புரதம் கெடும்.

ஓர் இரவு மறந்தால் அடுத்த இரவு வழமையான 0.6 தான். ரெண்டு நாளுக்கும் சேத்து 1.2 போடக் கூடாது.

தீவகத்தான்:

மின்வெட்டு எண்டால் என்ன செய்யிறது? 2022 பங்குனிக் கடைசியிலை 13 மணித்தியாலம் வெட்டினவங்கள். இப்பவும் புயல் மழைக்கு ரெண்டு நாள் கரண்ட் இல்லாமல் போறது புதினமில்லை. மண்பானைக்குள்ளை வைச்சால் காணாதோ? ஆச்சிமார் இன்சுலினை அப்பிடித்தானே வைச்சவை.

பாமசி_வடமராட்சி:

மண்பானை 2–8 பாகையைத் தராது. தண்ணீர் ஆவியாகும்போது அறையை விடச் சில பாகை குறையும், அவ்வளவுதான். சோளகக் காற்றில் கொஞ்சம் கூடக் குறையும், மாரியில் காற்றே ஈரமாக இருப்பதால் அதுவும் இல்லை. இன்சுலினுக்கு அறை வெப்பநிலைச் சலுகை கூட, அதை வைத்து இதை அளக்க முடியாது. வேறு வழியே இல்லாத இரவுக்கு வெக்கை அறையை விடப் பானை நல்லது. சேமிப்பிடமாகப் பாவிக்க வேண்டாம்.

கரண்ட் போனால் முதல் வேலை பிரிட்ஜைத் திறக்காமல் விடுவது. நிறைந்த, மூடியபடி இருக்கிற பிரிட்ஜ் கிட்டத்தட்ட 4 மணித்தியாலம் குளிரைப் பிடிக்கும். வெறும் பிரிட்ஜ் கெதியாகச் சூடாகும், ஆகவே தண்ணீர்ப் போத்தல்களால் நிரப்பி வையுங்கள். அதற்கு மேலும் போகும் என்று தெரிந்தால் ஐஸ்பக் வைத்த ரெஜிபோம் பெட்டிக்கு மாற்றுங்கள். டீப்ஃபிரீசரில் இருந்து எடுத்த ஐஸ்பக்கை நேரே பென்னோடு வைத்தால் பென் உறையும். தடுப்பூசி கொண்டு போகிறவர்கள் செய்வது மாதிரி, ஐஸ்பக்கை வெளியே வைத்து, ஆட்டினால் உள்ளே தண்ணீர் சலசலக்கும் வரை பொறுங்கள். வெளியில் வியர்த்து, உள்ளே பாதி ஐஸ் பாதி தண்ணீர் என்ற நிலையில் அது பூச்சியத்தில் நிற்கும், அதற்குக் கீழே போகாது. அதையும் ஒரு துவாயால் சுற்றி, பென்னுக்கும் ஐஸ்பக்குக்கும் இடையில் மட்டையோ துணியோ வைத்து மூடுங்கள்.

ரெண்டு நாள் என்றால் பக்கத்தில் ஜெனரேட்டர் உள்ள பாமசியிலோ சொந்தக்காரர் வீட்டிலோ வைப்பதே நிச்சயமான வழி. பெட்டியில் பிள்ளையின் பெயரையும் "உறைய விடாதே" என்றும் எழுதிக் கொடுங்கள். நல்ல மனத்தோடு டீப்ஃபிரீசரில் வைத்துத் தருகிறவர்கள் இருக்கிறார்கள்.

ரொறன்ரோ_கொக்குவில்:

கனடா விசயத்துக்கு வாறன். தம்பியை வாங்க விட முதல் பெட்டியின்ர படத்தை அனுப்பச் சொல்லி, அதைக் கிளினிக்கிலை காட்டுங்கோ. காரணம் மூண்டு.

முதலாவது, இஞ்சை இப்ப கிழமைக்கு ஒருக்காப் போடுற வளர்ச்சி ஹோர்மோன் வந்திட்டுது. சோமபசிட்டான், சோமற்றோகொன், லோனாபெக்சோமற்றோபின் எண்டு உலகத்திலை சில வகை ஓடுது. பேரிலை "சோம" இருக்கு, சிலதின்ர பென்னும் பாக்க ஒரே மாதிரி. ஆனா மி.கி. கணக்கு ஒண்டுக்கொண்டு ஒத்துவராது. சோமபசிட்டான் கிழமைக்குக் கிலோவுக்கு 0.16 மி.கி., சோமற்றோகொன் கிழமைக்குக் கிலோவுக்கு 0.66 மி.கி. 18 கிலோப் பிள்ளைக்குச் சோமற்றோகொன் எண்டால் கிழமைக்கு ஒருக்கா கிட்டத்தட்ட 11.9 மி.கி. அதை நாளாந்த ஊசி எண்டு நினைச்சு ஒவ்வொரு நாளும் போட்டால் 7 மடங்கு. மறுவளமா, கிழமை மருந்திலை கிழமைக்கு ஒருக்கா 0.6 மட்டும் டயல் பண்ணினால் அளவு காணவே காணாது.

ரெண்டாவது, கார்ட்ரிஜும் பென்னும் ஒரே கொம்பனி, ஒரே பலமா இருக்க வேணும். ஒண்டின்ர கார்ட்ரிஜ் மற்றதின்ர பென்னுக்குள்ளை இறுக்கிப் பூட்டுப்பட்டாலும் அளவு பிழைக்கும். சில பென் மி.கி. காட்டும், சிலது கிளிக் எண்ணுறது.

மூண்டாவது, சில மருந்து மி.கி.யிலை வரும், சிலது ஐ.யு.விலை (சர்வதேச அலகு). சோமற்றோபினுக்கு 1 மி.கி. = 3 ஐ.யு. உங்கட மகளின்ர 0.6 மி.கி. எண்டால் 1.8 ஐ.யு. ஆரும் தூள் குப்பியைத் தந்து இன்சுலின் சிறிஞ்சாலை போடச் சொன்னால் ஆகக் கூடுதல் கவனம். யூ-100 இன்சுலின் சிறிஞ்சிலை இருக்கிற "யுனிட்" இன்சுலினுக்குத்தான், வளர்ச்சி ஹோர்மோனுக்கு இல்லை. அதிலை 100 கோடு எண்டால் 1 மி.லீ. உதாரணத்துக்கு 12 ஐ.யு. குப்பியை 1 மி.லீ. விட்டுக் கரைச்சால், 1.8 ஐ.யு.வுக்கு 0.15 மி.லீ., சிறிஞ்சிலை 15-ஆவது கோடு. அதே குப்பியை 2 மி.லீ.யிலை கரைச்சால் 30-ஆவது கோடு. ஆரோ சொன்ன கோட்டு எண்ணை மனப்பாடம் பண்ணி வைச்சு, குப்பி மாறினாப் பிறகும் அதையே பாவிக்கிறதிலைதான் பிழை நடக்கிறது.

கொண்டு வாறதெண்டால் கைப்பையிலை. விமானத்தின்ர அடிப்பெட்டிக்குள்ளை உறையலாம். டொக்டரின்ர கடிதம், சிட்டை, மருந்தின்ர மூலப் பெட்டி மூண்டும் கூட இருக்க வேணும். என்னைக் கேட்டால், அங்கை ஊரிலை ஒழுங்காக் கிடைக்கிற ஒரு பிராண்டை விட்டுட்டு வருசத்துக்கு ஒருக்கா வாற தம்பியை நம்பி மாத்திறது புத்தியில்லை. மருந்து முடிஞ்சால் பிறகு ஆர் கொண்டு வாறது? இணையத்திலையும் ஜிம் பெடியளிட்டையும் "எச்.ஜி.எச்." (மனித வளர்ச்சி ஹோர்மோன்) எண்டு விக்கிற குப்பியளைக் கிட்டவும் எடுக்காதேங்கோ. இலங்கையிலை தேசிய மருந்துகள் ஒழுங்குபடுத்தும் அதிகாரசபையின்ர பதிவு உள்ள மருந்தை, பில்லோடை, குளிர்ப்பெட்டி உள்ள பாமசியிலை எடுங்கோ.

சிறுவர்_பிரிவு:

பென்னும் பிரிட்ஜும் சரிப்படுத்துங்கள், அது நிச்சயம் தேவை. ஆனால் எல்லாப் பழியையும் அதில் போட்டுவிட்டு மற்றக் காரணங்களை விட்டுவிட வேண்டாம்.

டோஸ் கணக்கு: 18 கிலோவுக்கு 0.6 மி.கி. என்றால் கிலோவுக்கு 0.033. இந்தக் குறைபாட்டுக்கு வழமையாக நாளுக்குக் கிலோவுக்கு 0.025 முதல் 0.035 வரை. வரம்புக்குள் இருக்கிறது. நிறை கூடும்போது டோஸும் கூடவே போக வேண்டும் என்பதை மட்டும் பார்த்துக்கொள்ளுங்கள்.

அளவெடுப்பு: சிகிச்சையின் முதல் வருடத்தில் 8, 10 செ.மீ. வளர்வது சாதாரணம், உங்கள் மகள் மொத்தம் 7. அதிலும் முதல் மாதங்களில் வேகம் கூட, பிறகு இறங்குவது எல்லோருக்கும் உள்ளது. ஆனாலும் 6 மாதத்தில் 2 செ.மீ. என்பது வருடத்துக்கு 4, மருந்து போடாத ஆரோக்கியமான பிள்ளையே இந்த வயதில் 5, 6 செ.மீ. வளரும். ஆகவே பார்க்க வேண்டிய விடயம்தான். அதே நேரம் ஒவ்வோர் அளவெடுப்பிலும் அரை செ.மீ. பிழை இலகுவில் வரும். காலையில் எழுந்தவுடன் உயரம் மாலையை விடக் கூட. சப்பாத்து இல்லாமல், தலைமுடியை அவிழ்த்து, குதி, பிட்டம், முதுகு சுவரில் பட, ஒவ்வொரு முறையும் ஒரே நேரத்தில், ஒரே ஆள் அளக்க வேண்டும். இரட்டைப் பின்னலோடு ஒரு தரமும் இல்லாமல் ஒரு தரமும் அளந்தால் அந்த 2 செ.மீ.க்கு அர்த்தமில்லை.

அடுத்தது இரத்தம். ஐ.ஜி.எஃப்-1 (வளர்ச்சி ஹோர்மோன் வேலை செய்யும்போது இரத்தத்தில் கூடும் பொருள்) அளவு இந்தக் கேள்விக்கு நல்ல சாட்சி. டோஸ் சரியாக இருந்தும் அது குறைவாக இருந்தால், மருந்து உடலுக்குள் போகவில்லை, அல்லது போன மருந்து பழுது. அது வயதுக்குரிய அளவில் இருந்தும் வளரவில்லை என்றால் வேறு இடத்தில் தேட வேண்டும். வளர்ச்சி ஹோர்மோன் தொடங்கிய பிறகு மறைந்திருந்த தைரொயிட் குறைபாடு வெளியே வரலாம். பிட்யூட்டரி (மூளைக்குக் கீழுள்ள சுரப்பி) காரணமாக வருவதென்றால் ரி.எஸ்.எச். (தைரொயிட்டைத் தூண்டும் ஹோர்மோன்) மட்டும் பார்த்தால் சரியாக இருப்பது போலவே காட்டும், ஃபிரீ ரி4-உம் (தைரொயிட் சுரக்கும் ஹோர்மோன்) சேர்த்துப் பார்க்க வேண்டும். தைரொயிட் குறைந்தபடி எவ்வளவு வளர்ச்சி ஹோர்மோன் போட்டாலும் பிள்ளை வளராது. இழுப்புக்கு அடிக்கடி பிரெட்னிசொலோன் (ஸ்டீரொயிட் மருந்து) எடுக்கிற பிள்ளை, சாப்பாடு போதாத பிள்ளை, இவர்களும் இப்படித்தான். கிளினிக்கில் இவற்றைச் சொல்லுங்கள்.

இன்னொரு முக்கியமான விடயம். தவறிய ஊசிகளை மறைக்க வேண்டாம். கிழமைக்கு இரண்டு தவறுவதும், மருந்து சூட்டில் இருந்ததும் தெரியாமல் டோஸைக் கூட்டினால், பிறகு நல்ல மருந்து ஒழுங்காகப் போகும்போது அது மிகை அளவாகிவிடும். இப்போது நீங்கள் செய்ய வேண்டியது டோஸைத் தொடாமல் மற்றதெல்லாவற்றையும் திருத்திவிட்டு, திருத்திய திகதியைக் குறித்து வைத்துக் கிளினிக்கில் சொல்வது. தடித்த இடத்தில் இருந்து புதிய இடத்துக்கு மாறும்போதே உறிஞ்சப்படும் அளவு கூடும்.

தவணை வரும் வரை பார்த்திருக்கக் கூடாதவை: விடாத தலையிடி, அதோடு சத்தி அல்லது கண் மங்கல் (மூளையைச் சுற்றி அழுத்தம் கூடியிருக்கலாம், அன்றே மருந்தை நிறுத்திக் காட்டுங்கள்). கெந்திக் கெந்தி நடத்தல், இடுப்பு நோவு (தொடையெலும்பின் தலை நழுவியிருக்கலாம். நோ முழங்காலில்தான் என்று பிள்ளை சொல்லும், எக்ஸ்ரே இடுப்புக்கு எடுக்க வேண்டும், ஓட விளையாட விடாமல் கொண்டு வாருங்கள்). மிதமிஞ்சிய தாகமும் சிறுநீரும். முதுகெலும்பு வளைவு அவசரம் இல்லை, ஆனால் ஒவ்வொரு தவணையிலும் குனிய வைத்துப் பார்க்க வேண்டும், வேகமாக வளரும்போது இருந்த வளைவு கூடும்.

தடிமன், சாதாரணக் காய்ச்சலுக்கு ஊசியை நிறுத்தத் தேவையில்லை. பிள்ளை ஹைட்ரோகோர்ட்டிசோனும் (கோர்ட்டிசோல் குறைவுக்குக் கொடுக்கும் மருந்து) எடுப்பவளாக இருந்தால் காய்ச்சலில் அந்த மருந்தைக் கூட்டும் விதியை எழுதி வாங்கி வைத்திருங்கள், அது வேறு கதை, உயிர்ப் பிரச்சினை. பெரிய சத்திரசிகிச்சை, கடும் நோய் என்றால் வளர்ச்சி ஹோர்மோனை நிறுத்துவதா என்று வைத்தியர் சொல்வார்.

கோண்டாவில்_அம்மா:

எல்லாருக்கும் நன்றி. ஹைட்ரோகோர்ட்டிசோன் இல்லை. ஃபிரீ ரி4 கடைசியா எப்ப எடுத்தது எண்டு கொப்பியிலை பாத்து அடுத்த தவணைக்குக் கேக்கிறன். இன்னும் மூண்டு கேள்வி. மாமியார் இது செத்தாக்களின்ர மூளையிலை இருந்து எடுக்கிறது எண்டு யூரியூப்பிலை பாத்திட்டுப் பயப்பிடுறா. கொழும்புக்கு இரவு பஸ்ஸிலை போகேக்கை எப்பிடிக் கொண்டு போறது? பாவிச்ச முனைகளை எங்கை போடுறது?

சிறுவர்_பிரிவு:

மாமியார் சொல்வது பழைய கதை, ஆனால் பொய் இல்லை. முன்பு இறந்தவர்களின் பிட்யூட்டரிச் சுரப்பியில் இருந்துதான் எடுத்தார்கள். அதனால் சிலருக்கு குரொய்ட்ஸ்ஃபெல்ட்-யாக்கொப் என்ற மூளை நோய் வந்தது தெரிந்து 1985-இல் அமெரிக்காவில் அதை நிறுத்தினார்கள். அதே வருடம் மரபணு முறையில் ஆய்வுகூடத்தில் செய்த ஹோர்மோனுக்கு அங்கே அனுமதி கிடைத்தது. இன்று பென்னில் வருவது அந்த வகை, மனித உடலில் இருந்து எடுக்கும் பகுதி எதுவும் இல்லை.

தாதி_சுன்னாகம்:

பஸ்: வாயகண்ட தேர்மஸ் அல்லது சின்னக் கூலர் பை. பாமசிக்காரர் சொன்ன மாதிரி வியர்த்த ஐஸ்பக், துவாய், இடையிலை மட்டை. மடியிலை வைச்சிருங்கோ. பஸ்ஸின்ர கீழ்ப்பெட்டி, டிரைவருக்குப் பக்கத்து எஞ்சின் மூடி, முன் கண்ணாடிக்குக் கீழை, மூண்டும் அடுப்பு. ஏறமுதல் வீட்டிலையே அண்டைய ஊசியைப் போட்டிட்டு ஏறினால் ஓடுற பஸ்ஸிலை குத்துற கரைச்சல் இல்லை. ஒண்டு ரெண்டு நாள்தான் நிக்கிறதெண்டால் பாவிக்கிற பென்னை மட்டும் கொண்டு போங்கோ, திறக்காத பென்னுகளை வீட்டிலை விடுங்கோ. போய் இறங்கின உடனை பிரிட்ஜுக்குள்ளை. தங்குற இடத்துச் சின்ன பிரிட்ஜுகள் சிலது உறைய வைக்கும், ஒரு கிளாஸ் தண்ணி வைச்சு விடியப் பாருங்கோ.

முனைகள்: உள் மூடியைத் திரும்பப் போடப் பாக்காதேங்கோ, விரலிலை குத்துறது அப்பதான். வெளி மூடியை மேசையிலை நிமித்தி வைச்சு, ஒரு கையாலை பென்னைப் பிடிச்சு முனையை அதுக்குள்ளை இறக்கி, திருகிக் கழட்டுங்கோ. தடிச்ச பிளாஸ்ரிக் போத்தல், லைசோல் போத்தல் மாதிரி, வாய் ஒடுக்கமானது நல்லது. தண்ணிப் போத்தல் மெல்லிசு, துளைச்சு வரும். முக்கால்வாசி நிரம்பினவுடனை மூடியை இறுக்கி, டேப் சுத்தி, "ஊசி" எண்டு எழுதி, கிளினிக்குக்குப் போகேக்கை குடுங்கோ. ஏற்பினமோ எண்டு முதலே கேட்டு வையுங்கோ, எல்லா இடத்திலையும் ஒரே நடைமுறை இல்லை. மாநகரசபைக் குப்பையிலையோ வளவுக்குள்ளை எரிக்கிற குவியலிலையோ போட வேண்டாம், குப்பை அள்ளுற ஆளின்ர காலுக்குத்தான் அது போகும்.

வேறை ஆருக்கும் தவறிக் குத்துப்பட்டால் அந்த இடத்தைப் பிதுக்காமல், ஓடுற தண்ணியிலை சவுக்காரம் போட்டுக் கழுவி, அண்டைக்கே ஆஸ்பத்திரிக்குப் போய்க் காட்டுங்கோ.

கோண்டாவில்_அம்மா:

சரி. நடுத்தட்டுக்கு மாத்தியாச்சு. இண்டைக்கு இடது தொடை, புது முனை, 10 எண்ணினது. ஈரம் இல்லை. பழைய பென் கதவிலை நிண்டது, இன்னும் 9 டோஸ் கிடக்கு, அதை முடிக்கலாமோ?

பாமசி_வடமராட்சி:

எப்போது திறந்தது? கதவுத் தட்டில் தண்ணீர்க் கிளாசை ஒரு நாள் வைத்து அளந்து பாருங்கள். 8-க்கு உள்ளே நின்றால், மருந்து தெளிவாகவும் இருந்து, 4 கிழமையும் தாண்டவில்லை என்றால் முடிக்கலாம். 8-க்கு மேலே எவ்வளவு, எத்தனை மணித்தியாலம் என்று தெரிந்தால் அந்த எண்களோடு பாமசியில் அல்லது கிளினிக்கில் கேளுங்கள். கொம்பனியின் மருந்துத் தகவல் பிரிவுக்கு அவர்கள் எடுத்து விசாரித்துச் சொல்லலாம். பென்னின் தொகுதி இலக்கத்தையும் காலாவதித் திகதியையும் கையில் வைத்துக்கொண்டு கேளுங்கள், முதலில் அதைத்தான் கேட்பார்கள்.